பக்கத்து வீட்டுச் சுவர் அதிராமல் பேஸ் கிட்டார் பழக: ஹெட்போன் ஆம்ப் வாங்கும் முறை

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய தெரு வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான் இருக்கும். அங்கே பேஸ் கிட்டாரை ஸ்பீக்கரில் போட்டுப் பழகினால் பக்கத்து வீட்டு மாமிக்கும் சேர்த்துத்தான் பாடம். பேஸில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை ஃப்ரெட் எதுவும் பிடிக்காமல் மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். பேச்சுச் சத்தத்தைத் தடுக்கிற சுவரும் கதவும் இதைத் தடுக்காது. ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்தாலோ நமக்கே கேட்காது. அதனால் ஹெட்போனும், கிட்டார் சிக்னலைப் பெருக்கி அதற்குத் தரும் ஹெட்போன் ஆம்பும்தான் வழி.

சர்ச் பாடகர் குழுவிலோ ஊர் மெல்லிசைக் குழுவிலோ வாசிக்க இப்போதுதான் பேஸ் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். (இங்கே பல குழுக்களில் பேஸை கீபோர்டுக்காரரே இடது கையால் சமாளித்துவிடுவார். நல்ல பேஸ் வாசிப்பாளருக்கு எப்போதும் இடம் உண்டு.) ஹெட்போனுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள், பாட்டு சேர்த்துக் கேட்கும் வசதி அடுத்தது, எஃபெக்ட்ஸ் (ஓசையின் தன்மையை மாற்றும் வசதிகள்) கடைசி. கடைக்காரர் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்.

படி 1: ஆம்ப் ஏன் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெட்போனை நேராக கிட்டாரில் செருகினால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு நாள் தோன்றும். செருகிப் பார்க்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கேட்டால் ஒரு காதில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிதாகக் கேட்கும். பேட்டரி இல்லாத சாதாரண பேஸின் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் கம்பிச் சுருளும்) மிகச் சன்னமான சிக்னலைத்தான் தரும், அதன் மின்தடையோ பல ஆயிரம் ஓம். ஹெட்போன் பெரும்பாலும் 32 ஓம். அந்தச் சுமையை இழுக்கிற சக்தி பிக்கப்புக்கு இல்லை. கிட்டார் ஜாக் மோனோ, ஹெட்போன் பின் ஸ்டீரியோ, அதனால்தான் ஒரு காது ஊமை. இரண்டுக்கும் நடுவில் நின்று சிக்னலை வாங்கி, பெருக்கி, இரு காதுக்கும் பிரித்துக் கொடுப்பதே ஹெட்போன் ஆம்பின் வேலை.

படி 2: ஹெட்போனைச் சோதியுங்கள்

வீட்டில் இருக்கும் ஹெட்போனே போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கடையிலோ நண்பரின் ஆம்பிலோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்தபடி மீட்டுங்கள். அடுத்து டி ஸ்ட்ரிங்கில் இரண்டாவது ஃப்ரெட்டைப் பிடித்து மீட்டுங்கள். இரண்டும் ஈ ஸ்வரம்தான், ஒன்று 41 ஹெர்ட்ஸ், மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 82. முதலாவது கனமாக, காதை நிறைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் கேட்டால் அந்த ஹெட்போன் அடிச்சத்தத்தை விழுங்குகிறது என்று அர்த்தம். ஸ்வரம் என்னவோ கேட்கும். மேலே இருக்கும் கிளைச் சத்தங்களை வைத்துக் காது அடிச்சத்தத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் மட்டமான இயர்போனிலும் பேஸ் கேட்பதாக நினைத்து ஏமாறுகிறோம்.

காதை முழுக்க மூடுகிற, பின்புறம் அடைத்த ஹெட்போன் நல்லது. ஓசைக்கும் நல்லது, மேலே ஓடும் மின்விசிறிச் சத்தமும் குறையும். காதுக்குள் இறுக்கமாக உட்காரும் ரப்பர் முனை இயர்போனும் பரவாயில்லை, இறுக்கம் தளர்ந்தால் மட்டும் பேஸ் ஓடிவிடும். ஸ்டுடியோவுக்கென்று 250 ஓமில் வருவதை எடுக்காதீர்கள், சின்ன ஆம்ப் அதைச் சத்தமாக ஓட்டத் திணறும்.

முக்கியமான விஷயம், ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் சத்தம் வந்து சேர 100, 200 மில்லி செகண்டுகூட ஆகலாம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி செகண்ட். அதாவது நீங்கள் மீட்டி முடித்து அடுத்த ஸ்வரத்துக்கு விரல் போன பிறகுதான் முந்தியது காதில் விழும். தாளம் பழக வந்தவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆனால் போனிலிருந்து ஆம்புக்குப் பாட்டு புளூடூத்தில் வந்தால் பரவாயில்லை. பாட்டு தாமதமாக வந்தாலும் நீங்கள் கேட்கிறபடிதானே கூட வாசிக்கப்போகிறீர்கள்! உள்ளே வரும் புளூடூத் சரி, வெளியே போகும் புளூடூத் ஆகாது. பாஸ் (Boss) கம்பெனியின் வாசா-ஏர் போன்ற, ஆம்ப் உள்ளேயே வரும் ஹெட்போன்கள் ஒயர் இல்லாமல் ஓடுவது தங்களுக்கென்று தனி வயர்லெஸ் வைத்திருப்பதால். அது ஆரம்பத்திலேயே செய்யத் தேவையில்லாத செலவு.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

முதல் வகை, கிட்டார் ஜாக்கில் நேராகச் செருகும் சின்னப் பெட்டி. வாக்ஸ் ஆம்ப்ளக் இந்த வகையில் பிரபலம். ஆம்ப்ளக் 2 இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், பாட்டு சேர்க்க 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. வாங்கும்போது பெட்டியில் ‘பேஸ்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே உருவத்தில் கிட்டாருக்கானவையும் உண்டு, அவை கிட்டாரின் ஸ்தாயிக்கு ஏற்றபடி செய்தவை.

இரண்டாவது, தரையில் வைக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி. ஜூம் பி1 ஃபோர் ஓர் உதாரணம். நாலு டபுள் ஏ பேட்டரி, டியூனர், தாள வகைகள், பாட்டு சேர்க்கும் துளை எல்லாம் ஒன்றிலேயே இருக்கும். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள் இதையே எடுக்கலாம். பின்னால் மேடைக்கும் உதவும்.

மூன்றாவது, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. ரெக்கார்டிங் ஆசை இருந்து லேப்டாப்பும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். பழகுவதற்கு முன் தினமும் லேப்டாப்பைத் திறந்து, சாஃப்ட்வேரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சோம்பலிலேயே பலருடைய பயிற்சி நின்றுபோகும்.

படி 4: நம் ஊர்க் கரண்டை மறக்காதீர்கள்

டெல்டாவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் இருக்காது, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். பேட்டரி ஆம்புக்கு அந்தக் கவலை இல்லை. அதைவிடப் பெரிய லாபம் இரைச்சல் இல்லாதது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் ‘உம்ம்ம்’ என்று ஓடும் இரைச்சல் கிட்டத்தட்ட அந்த ஸ்வரத்தின் மேலேயே போய் உட்காரும், டோனைத் திருப்பி அதை விரட்ட முடியாது. லேப்டாப்பில் வாசிக்கும்போது இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். விலை குறைந்த இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘கொர்’ என்று ஒரு சத்தம் வருவதும் சகஜம்.

இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகை கிட்டார் என்றால் இன்னொன்று: இரண்டு பிக்கப் வால்யூமையும் ஒரே அளவில் முழுதாக வையுங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்பின் சுருளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

படி 5: கடையில் கையில் வைத்துப் பாருங்கள்

திருச்சிக்கோ சென்னைக்கோ போகும்போது உங்கள் பேஸையும் ஹெட்போனையும் கூடவே எடுத்துப் போங்கள். ஜாக்கில் செருகும் வகை என்றால் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஜாக் உடலின் ஓரத்தில் இருக்கிற கிட்டாரில் அந்தப் பெட்டி தொடையில் இடிக்கும், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். ஹெட்போன் துளையின் அளவையும் பாருங்கள். சிலவற்றில் 3.5, சிலவற்றில் 6.35 மில்லிமீட்டர். மாற்று முனை சில்லறைக் காசுதான், கையோடு வாங்கிவிடுங்கள்.

பாட்டு சேர்க்கும் வசதி இல்லாத ஆம்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். மெட்ரோனோம், சுருதிப்பெட்டி ஆப், ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவேண்டிய பாட்டு எல்லாம் போனிலிருந்து அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

படி 6: முதல் இணைப்பு

எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வைத்து, கிட்டார், ஹெட்போன் எல்லாவற்றையும் செருகிய பிறகு ஆம்பை ஆன் செய்யுங்கள். அப்புறம்தான் ஹெட்போனைக் காதில் மாட்டுங்கள். செருகும்போது வரும் ‘டப்’ காதுக்குள் விழுந்தால் வலிக்கும். கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு) குறைவாகவும் டோனை நடுவிலும் வையுங்கள். பாட்டின் சத்தத்தை முதலில் சரிசெய்துவிட்டு, அதற்குள் பேஸை மெல்ல ஏற்றுங்கள். பேஸை முதலில் ஏற்றினால் பாட்டையும் ஏற்றி, மறுபடி பேஸை ஏற்றி, கடைசியில் இரண்டும் உச்சத்தில் போய் நிற்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் போகப் போக நேரம் வேகமாகக் குறையும். வாசித்து முடித்ததும் காதில் ‘கிர்ர்’ என்று கேட்டால் நாளைக்குக் குறைத்து வையுங்கள்.

உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால், முடித்ததும் கிட்டார் ஜாக்கில் செருகியதைக் கழற்றிவிடுங்கள். அது செருகியிருக்கும்வரை கிட்டாரின் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஆம்பை ஆஃப் செய்தாலும் சரி. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் வாசிக்கப்போவதில்லை என்றால் ஆம்பின் பேட்டரியையும் வெளியே எடுத்து வையுங்கள். அந்த ஈரத்தில் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்தால் கடைக்காரர் வாரண்டி தரமாட்டார்.