பனிச்சறுக்குக்குப் போகிறீர்களா? வெயிலைக் கவனியுங்கள்

வட அரைக்கோளத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள், விடிந்ததும் முதல் ஆளாக மேலே ஏற அவசரப்பட வேண்டாம். பகலில் இளகிய பனி இரவில் மறுபடி உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். காலில் மாட்டும் நீளப் பலகையான ஸ்கியின் ஓரம் அதில் சரியாகப் பிடிக்காது. வெயில் பட்டு மேல்பரப்பு கொஞ்சம் இளகி, குருணை போல உதிரும் நேரம்தான் சுகம். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியாக மேற்கு. அந்த வரிசையிலேயே சரிவை மாற்றிக்கொண்டு போனால் பல மணி நேரம் நல்ல பனி கிடைக்கும்.

பூட்ஸ் புதைய ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிடுங்கள். ஈரப்பனி முழங்காலைத் திருகிவிடும். செங்குத்தான இடங்களில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. முந்தைய இரவு மேகமூட்டமாக இருந்திருந்தால் பனி சரியாக உறைந்திருக்காது, காலையிலேயே கூழாகிவிடும்.

சரி, உத்தி? பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் ஸ்கி கைவிட்டுப் போகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். திரும்பும்போது எடை வளைவின் வெளிப்பக்க ஸ்கியில். இதை முதல் இரண்டு நாள் பயிற்றுநரிடமே கற்றுக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் சண்டைதான் மிஞ்சும்.