புது பாஸ்டரை கூப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் உடைச்சு பேச வேண்டியது

சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபைன்னா டயோசிசன்ல, அதாவது மேல இருக்குற பேராயத்துல டிரான்ஸ்பர் போடுவாங்க, வர்ற ஐயரை (பாஸ்டரைத்தான் அங்க அப்படி கூப்பிடுவாங்க) வரவேத்து மாலை போட்டா முடிஞ்சுது. எந்த பேராயத்துக்கும் கீழ இல்லாத தனி சபையில அப்படி இல்லீங்க, நாமளே தேடி, நாமளே பேசி, தப்பா போனா நாமளே மாட்டிக்கணும்.

நான் கமிட்டியில இருந்தப்ப நாங்க பண்ண திருட்டுத்தனத்தை சொல்றேன். ஒருத்தரை பிரசங்கம் பண்ண கூப்பிட்டோம், அதுவும் அசனம் (சபை விருந்து) அன்னைக்கு, உள்ளூர் வெளியூர் சொந்தமெல்லாம் வந்து பந்தல் வரைக்கும் சேர் போட்டிருந்துச்சு. அவரு அதான் சபைன்னு நம்பி பிள்ளைங்க ஸ்கூலை மாத்தி குடும்பத்தோட வந்துட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை 35 பேர். வாயத் திறந்து ஒண்ணும் கேக்கல, ஆனா அவரு கண்ணு பெஞ்ச் பெஞ்சா எண்ணிட்டு போனதை நான் பாத்தேன். அதனால சாதாரண வாரத்துல கூப்பிடுங்க, மழை பெய்ற வாரம்னா இன்னும் நல்லது.

அடுத்து பணம். சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா "கர்த்தர் பாத்துப்பாரு"ன்னு சொல்லாதீங்க, அவரு பாத்துப்பாரு, ஆனா கரண்ட் பில் யாரு கட்டுறது? ஒரு வருஷ காணிக்கை நோட்டை அப்படியே காட்டுங்க. தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை) சபைக்கா பாஸ்டருக்கா, வீட்டு ஜெபத்துக்கு போனா கையில குடுக்குற கவர் யாருக்கு, இதெல்லாம் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க (பாதி சண்டை அந்த கவர்லதான் ஆரம்பிக்கும்). எடம் டிரஸ்ட் பேர்ல இருக்கா, கேஸ் நடக்குதா, அதையும் மறைக்காதீங்க.

போன பாஸ்டர் ஏன் போனாருன்னு புதுசா வர்றவரு கேப்பாரு, உள்ளதை சொல்லுங்க. நீங்களும் பழைய சபைய ஏன் விட்டீங்கன்னு கேளுங்க, "தேவசித்தம்"னு மட்டும் பதில் வந்தா அவர்கிட்ட சொல்லிட்டே அந்த சபை பொருளாளருக்கு போன் போடுங்க. பைபிள்ல 1 தீமோத்தேயு 3-ல புறம்பானவங்ககிட்டயும் (சபைக்கு வெளிய இருக்குறவங்ககிட்டயும்) நல்ல சாட்சி வேணும்னு இருக்குல்ல, அப்போ பழைய வீட்டு ஓனரையும் கேக்கலாம். போலீஸ் கம்ப்ளெயின்ட், பெண்கள் பிள்ளைங்க விஷயத்துல ஏதாவது புகார் வந்துச்சான்னு நேரடியா கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஆனா "நீங்க யாரு வீட்டு ஆளு"ன்னு சுத்தி வளைச்சு ஜாதி கேக்குற வேலை மட்டும் வேண்டாம்.

பாஸ்டரா போறவங்களுக்கும் சொல்றேன். கடன் இருந்தா சொல்லிடுங்க. பேருக்கு முன்னாடி டாக்டர்னா எங்க, எத்தனை வருஷம் படிச்சதுன்னும் சொல்லணும். குழந்தை ஞானஸ்நானம், அந்நியபாஷை (ஜெபத்துல ஆவியில நிறைஞ்சு புரியாத பாஷை பேசுறது), நகை போடுறது, இதுல உங்க நிலை என்னன்னு வர்றதுக்கு முன்னாடியே தெரியட்டும், வந்து ஆறு மாசம் கழிச்சு மேடையில சொல்லாதீங்க. பாஸ்டரம்மா வேலைக்கு போறவங்கன்னா பெண்கள் ஐக்கியத்தை நடத்த முடியுமா முடியாதான்னு அவங்க வாயாலயே சொல்ல விடுங்க.

ரெண்டாவது தடவை வந்தவருக்கு நாங்க போதகர் வீட்டை மழையிலயே காட்டுனோம், ரெண்டு இடத்துல ஒழுகும் பாஸ்டர்னு சொன்னோம், அவரு அண்ணாந்து பாத்துட்டு மூணாவது இடத்தை காட்டுனாரு.