'மை ஃபேர் லேடி': 1956 ஒலிப்பதிவு நூலகத்தில் கிடைத்த விதம்

எனக்கு வேண்டியது 'மை ஃபேர் லேடி' இசை நாடகத்தின் பிராட்வே (நியூயார்க்) மேடைக் குழு 1956 மார்ச்சில், நாடகம் தொடங்கிய பத்தாம் நாள், பாடிப் பதிந்த இசைத்தட்டு. நூலகத் தளத்தில் பெயரைத் தட்டினால் 1964 திரைப்படத்தின் டிவிடியும் பாடல் சிடியும்தான் வந்தன. படத்தில் நாயகி ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பாடல்களில் பெரும்பாலும் பாடகி மார்னி நிக்சன் குரல், அதனால் அது ஆகாது.

மேடையில் நாயகியாகப் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸ் பெயரில் தேடி முன்பதிவு செய்தேன். கைக்கு வந்தது 1959 லண்டன் பதிவு. அதே ஜூலி, நாயகனாக அதே ரெக்ஸ் ஹாரிசன், உறையிலும் ஓவியர் ஹிர்ஷ்ஃபெல்டின் அதே கோட்டோவியம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பல நாள் இப்படியே போனது.

வழி திறந்தது 'ஆசிரியர்' கட்டத்தில். இசைத்தட்டுக்கு நூலகப் பட்டியல் ஆசிரியராகக் காட்டுவது இசையமைப்பாளரை. இதற்கு இசையமைத்த ஃபிரெடெரிக் லோவ் பெயரைப் போட்டு, வடிவத்தை இசை சிடி என மாற்றியதும் எல்லாப் பதிவுகளும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன.

பிறகு ஒவ்வொன்றின் முழு விவரத்தையும் திறந்து, தட்டின் அளவு குறித்த வரியைப் பாருங்கள். வெளியீட்டு ஆண்டை நம்ப வேண்டாம், அது மறுபதிப்பின் ஆண்டாக இருக்கும். ஜூலி பாடியவற்றில், 'ஸ்டீரியோ' (இரு தட ஒலி) என்றிருந்தால் லண்டன். 'மோனோ' (ஒரு தட ஒலி) என்றிருந்தால் 1956.

மோனோ தட்டு வேறொரு கிளையில் இருந்தது, வரவழைத்துக் கேட்டுவிட்டேன். என்ன ஒரு துடிப்பு! அதே தேடலில் கிடைத்த 1960 'கேமலாட்' இசை நாடகப் பதிவுக்கும் முன்பதிவு போட்டாயிற்று.