சூதாட்டச் சட்டத்துக்கு எந்த வழக்கறிஞரிடம் போவது?

கேசினோ உரிம விண்ணப்பங்களுக்குக் கணக்குக் கோப்பு தயாரிப்பது என் தொழில். அதனால் வழக்கறிஞர்களை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்கிறேன். ‘சூதாட்டச் சட்டம் முழுவதும் அத்துப்படி’ என்பவரை முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். அப்படி ஒரே சட்டம் எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு வாரியம் விசாரிக்கும், தனி ஆணையம் முடிவெடுக்கும். பிரிட்டனுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம். கரீபியன் தீவான குராசோவில், உரிமம் பெற்றவரே மற்றவர்களுக்கும் உரிமம் பிரித்துக் கொடுத்த பழைய துணை உரிம முறையே 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தோடு முடிந்தது. உங்களுக்குத் தேவையான நாட்டில், உங்களுக்குத் தேவையான வேலையைச் செய்தவர்தான் வேண்டும்.

வேலை எதுவென்று முதலில் தெளிவாகுங்கள். உரிமம் வாங்கித் தருபவர் குற்ற வழக்கில் வாதாடத் தெரிந்தவராக இருப்பது அரிது.

வென்ற பணத்தைத் தரவில்லை என்பதுதான் சிக்கலா? நிறுவனம் எந்த நாட்டு உரிமத்தில் நடக்கிறது, விதிமுறைகளில் எந்த நாட்டுச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் வாடிக்கையாளர் கட்டணமின்றி முறையிட நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வழி உண்டு. அதை முதலில் சொல்லாமல் நோட்டீஸ் அனுப்பத் துடிப்பவர் தன் கட்டணத்தைத்தான் நினைக்கிறார். நீதிமன்றம் போனாலும் எளிதல்ல. சீட்டின் பின்பக்கக் கோலத்தில் இருந்த நுண்ணிய வேறுபாட்டை வைத்து அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி சுமார் 77 லட்சம் பவுண்ட் வென்றார். கேசினோ தர மறுத்தது, அவர் வழக்குப் போட்டார். தான் செய்தது ஏமாற்று அல்ல என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தும், 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்றே என்றது. இந்த வழக்கைப் பற்றிக் கேளுங்கள். விழிப்பவருக்கு இது புதிய துறை.

உரிமம் தேடுபவர் கேட்க வேண்டியது வேறு. இதே ஆணையத்திடம் கடைசியாக எந்த விண்ணப்பத்தை நடத்தினார்? எதையாவது திரும்பப் பெற நேர்ந்ததா, ஏன்? பெரும்பாலானோர் மறுக்கப்பட்டவற்றை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பல படிவங்கள் திரும்பப் பெற்ற விண்ணப்பங்களையும் கேட்கும். அது பின்னாளில் வேறு நாட்டில் வந்து நிற்கும்.

பதில் சொல்வதோடு நின்றுவிடாமல், நல்ல வழக்கறிஞர் உங்களையும் குடைவார். முதலீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது, மைத்துனர் பெயரில் பங்கு இருக்கிறதா, பழைய வழக்கு உண்டா என்று சங்கடமாகக் கேட்பார். நெவாடாவில் தகுதியை நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. ஆணையம் கண்டுபிடிக்கும் முன் உங்கள் வழக்கறிஞர் கண்டுபிடித்துவிடுவது நல்லது. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவரிடம் என் கோப்பைக் கொடுக்க மாட்டேன். ‘ஆணையத்தில் நமக்கு ஆள் இருக்கிறார்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்னாள் அதிகாரி என்பது வேறு. அந்த அனுபவம் மதிப்புள்ளது.

இது சிறிய வட்டம். நீங்கள் எதிர்க்கும் கேசினோவுக்கே அவர் ஆலோசகராக இருக்கக்கூடும். விவரம் சொல்லும் முன்பே எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கறிஞர் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். நெவாடா போன்ற இடங்களில் விசாரணைச் செலவும் விண்ணப்பதாரர் தலையில்தான். அதையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் தனித்தனி வரியில் காட்டச் சொல்லுங்கள், கோப்பை அன்றாடம் பார்க்கப்போகும் இளம் வழக்கறிஞரின் பெயரோடு.