சுவரில் மாட்டிய கம்பிச் சிற்பம் துருவேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பினாங்கின் ஜார்ஜ்டவுனில், இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கேலிச்சித்திரச் சிற்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதே பாணியில் உங்கள் கடைச் சுவரிலோ கல்லூரி வாசலிலோ ஒன்று இருந்தால், முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மழை படாத பக்கம்தான் முந்தித் துருப்பிடிக்கும். முன்பக்கத்தில் படியும் கடல் உப்பை மழை கழுவிவிடுகிறது. பின்பக்கத்திலும் காக்கி லீமா (கடைகளின் முன் ஓடும் கூரையிட்ட நடைபாதை) கூரையடியிலும் அந்த உப்பு அப்படியே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அதனால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுப் பின்பக்கத்தை அலசுங்கள். தோட்டத்து ரப்பர் குழாயே போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். அழுக்கு இருந்தால் மென்மையான பாத்திர சோப்பும் நைலான் பிரஷும் போதும்.

கழுவும்போது கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே வெல்டிங் முழுச் சுற்றாக ஓடியிருக்காது, இடுக்கில் தண்ணீர் நிற்கும். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். செதிலாகக் கழன்றால் உள்ளே துரு ஓடியிருக்கிறது.

அந்த இடத்தைச் சுற்றி 2, 3 செ.மீ. கூடுதலாகச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பழைய பெயிண்டின் விளிம்பை 120ஆம் எண் உப்புத்தாளால் சரிவாக்குங்கள். பிறகு மறுபடியும் கழுவுங்கள். பலர் தாண்டிப்போகும் கட்டம் இது. துருக்குழிக்குள் உப்பு மிஞ்சினால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்பளம் திரும்பிவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர். துத்தநாக எபாக்ஸி பிரைமர் 60 முதல் 75 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதன்மேல் எபாக்ஸி 100 முதல் 150, கடைசியாக இரண்டு டப்பா கலக்கும் பாலியூரிதேன் 50 முதல் 60. கடைசிக் கோட்டைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். வெயில் பட்டால் எபாக்ஸி சுண்ணாம்பாய் உதிரும். துத்தநாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். கையால் தேய்த்து முழுதும் துரு போகவில்லையென்றால், துத்தநாகப் பிரைமருக்குப் பதில் எபாக்ஸி மாஸ்டிக் (கொஞ்சம் துரு மிஞ்சிய இரும்பிலும் ஒட்டும் கெட்டியான பெயிண்ட்) வாங்குவதே நல்லது. வெல்டிங் முடிச்சுகளுக்கு முதலில் பிரஷால் தனியாக ஒரு கோட் கொடுங்கள். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே, இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். பினாங்கில் வெயில் ஏறிய முற்பகல்தான் அதற்குத் தோது.

சுவரில் பொருத்த, விரிந்து பிடிக்கும் போல்ட் ஆகாது. பழைய மென்செங்கல் பிளந்துவிடும். டிரில் மெஷினின் ஹேமர் (சுத்தியல் அடி) இயக்கத்தை நிறுத்திவிட்டுத் துளையிட்டு, ரெசின் ஊற்றி, 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வையுங்கள். போல்டுக்கும் இரும்புக்கும் நடுவே நைலான் வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் போல்டைச் சுற்றி இரும்பு அரித்துப் போகும். சிற்பத்துக்கும் சுவருக்கும் 2 செ.மீ. இடைவெளி இருந்தால்தான் ரப்பர் குழாய்த் தண்ணீர் பின்னால் போகும்.

துருக்கறை வழிந்த சுவரில் ஆசிட் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பும் சேர்ந்து கரையும். காய்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, சுண்ணாம்பே அடியுங்கள். பாரம்பரிய வட்டாரத்தில் புதிதாகத் துளையிடுவதாக இருந்தால், வீட்டுக்காரரிடமும் மாநகர் மன்றத்திடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.