பழைய அம்பாசிடரில் ஆயில் பிரஷர்: முள்ளைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

பழைய அம்பாசிடர் வாங்கியவர்களை முதலில் கலங்கடிப்பது ஆயில் பிரஷர் முள்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 60 பிஎஸ்ஐயை (பிரஷரை அளக்கும் அலகு) தாண்டி நிற்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 15க்கு வந்துவிடும். "பம்ப் போச்சு சார்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது.

பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில், சுற்றும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகளில் புகுந்து வெளியேறச் சிரமப்படுகிறதே, அந்தத் தடையைத்தான் முள் பிரஷர் என்று காட்டுகிறது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் தடை அதிகம். சூடேறினால் ஆயில் இளகும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, பம்பும் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேர்ந்தால் முள் இறங்கத்தான் செய்யும். இசுசு இன்ஜின் வருவதற்கு முன்பு இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், நன்றாகச் சூடேறிய பிறகு சாலையில் 50 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 15 என்று இருந்தால் கவலை வேண்டாம். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 10 பிஎஸ்ஐ என்பது பொதுவாகச் சொல்லும் கைக்கணக்கு.

ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர் காலை ரீடிங்கை நம்பக் கூடாது. குளிர்ந்த இன்ஜினில் தேய்ந்த பேரிங்கும் நல்ல பிரஷர் காட்டும். அரை மணி நேரமாவது ஓட்டி, ஐடிலிங்கில் விட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

அதிகம் செலவு வைப்பது அடுத்த தவறு. சூட்டில் பிரஷர் குறைகிறது என்றதும் வழக்கமான 20டபிள்யூ-50 ரக ஆயிலை விட்டுவிட்டு இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றுவது, இல்லையென்றால் ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா ஒன்றைக் கலப்பது. முள் ஏறும், மனசும் ஆறும். ஆனால் பேரிங் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அந்த ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர் வரை போய்ச் சேர நேரமாகும். அதுவரை அங்கே உலோகத்தோடு உலோகம் உரசும்.

இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு: ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைப்பது. இன்ஜின் பக்கவாட்டில் குமிழ் போன்ற நட்டைக் கழற்றினால் அந்த ஸ்பிரிங் வெளியே வரும். பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால் ஆயிலைத் திருப்பிவிடுவதுதான் அந்த வால்வின் வேலை. ஐடிலிங்கில் அது மூடியே இருக்கும். மூடியிருக்கும் கதவை இன்னும் இறுக்கி என்ன பயன்? வால்வில் குப்பை சிக்கிச் சரியாக மூடாமல் இருந்தால் அது வேறு கதை. அப்போது கழற்றிச் சுத்தம் செய்வதில் அர்த்தம் உண்டு.

மீட்டர் இல்லாமல் சிவப்பு லைட் மட்டும் உள்ள வண்டி என்றால் இன்னும் உஷார். பிரஷர் ஏறக்குறைய 5 முதல் 7 பிஎஸ்ஐக்கு இறங்கினால்தான் அந்த லைட் எரியும். எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று ஆகிவிடாது. சாவியைத் திருப்பும்போதே அது எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப், வயர், பிரஷரைப் பார்த்து லைட்டை எரியவைக்கும் ஆயில் ஸ்விட்ச் மூன்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது.

டிப்ஸ்டிக்கில் லெவல் குறைந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். ஏறினால் "பரவாயில்லையே, ஆயில் சாப்பிடவில்லை" என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு. ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்து பெட்ரோல் சம்பில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இறங்கியிருக்கலாம். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராகிவிடும், பிரஷர் விழும். டயஃப்ரத்தை மாற்றி ஆயிலையும் மாற்றினாலே முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல் இன்ஜினை இறக்கினால் ஆயிரக்கணக்கில் வீண்.

பிரஷரை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்டரும் (sender) மீட்டரும் பொய் சொல்லக்கூடிய வயதுதான் இந்த வண்டிகளுக்கு. எதையும் பிரிப்பதற்கு முன் ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளையில் பிரஷரை நேரடியாக அளக்கும் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிய பிரஷர் என்றால் தேய்மானம், யோசித்துச் செய்யலாம். ஓட்டத்தில் திடீரென்று விழுந்தாலோ, லைட் எரிந்து கூடவே அடியில் டக்டக் என்று தட்டினாலோ, ஒர்க்‌ஷாப் அடுத்த தெருவில் இருந்தாலும் அங்கேயே இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.