சாமின்னு எழுதியிருந்தா எல்லாம் ஒரே சாமியா?

லிவர்பூல் ஃபுட்பால் கிளப்புக்கு ஆடுன சாமி ஹூப்பியா, 2014 வேர்ல்ட் கப் ஜெயிச்ச ஜெர்மனி டீம்ல இருந்த சாமி கெதிரா, ரெண்டு பேருக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான், அதனால பேரும் ஒண்ணுன்னு நெனச்சா அது முதல் தப்பு. ஹூப்பியா ஃபின்லாந்துக்காரர், அங்க அது சாமுவேலோட சுருக்கம். கெதிராவோட அப்பா துனிசியாக்காரர், அது அரபுப் பேரு, உயர்ந்தவன்னு அர்த்தம். அரபுலயே கேக்குறவன்னு பொருள் வர்ற ஸமீ (அப்துல் ஸமீல வர்றது) வேற சொல், கடைசில அய்ன் எழுத்து இருக்கும், இங்கிலீஷ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணாயிடுது, பாவம்.

ஃபின்லாந்துன்னதும் அடுத்த தப்பு, ஹூப்பியா சாமி இனத்துக்காரர்னு முடிவு கட்டுறது. சாமி மக்கள் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா நாலு நாட்டோட வடக்குலயும் இருக்கற பூர்வகுடி, தங்க மண்ணை சாப்மின்னு சொல்வாங்க. அவங்களுக்கும் அந்த சாமுவேல் பேருக்கும் சம்பந்தமே இல்ல. லாப், லாப்பியர்னு பழைய புக்ல இருக்கும், அதை எடுத்து எழுதாதீங்க, அவங்க காதுக்கு அது வசவு. எல்லாரும் கலைமான் மேய்க்கறவங்களும் கிடையாது.

சரி நம்ம சாமி. சம்ஸ்கிருத ஸ்வாமின்தான் சுவாமியாகி சாமியாச்சு. ஸ்வன்னா தன்னோடது, அப்போ ஸ்வாமின்னா உடையவர், எஜமான். கடவுள்ங்கற அர்த்தம் மட்டும்தான்னு பிடிச்சுக்கிட்டா, கோயம்புத்தூர் பக்கம் ஒரு அம்மா பேரனை "வா சாமி, சோறு உங்கலாம்"னு கூப்புடறப்போ முழிக்கணும். ஆசாமியையும் இதோட முடிச்சுப் போடுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன், அது அரபுல பேர்கள்னு அர்த்தம் உள்ள சொல்லு, உருது வழியா வந்து இங்க ஆளுன்னு ஆயிடுச்சு.

தென்னாப்பிரிக்கால இதே சாமி வசவாவே ஆச்சு. ராமசாமி, முனுசாமின்னு கூலி வேலைக்குப் போனவங்க பேரோட வாலைப் பிடிச்சு வெள்ளைக்காரங்க இந்தியர் எல்லாரையும் சாமின்னு எளக்காரமா கூப்பிட்டாங்க. காந்தி சுயசரிதைல இதை எழுதியிருக்கார், கொஞ்சம் வாய் உள்ள ஆளா இருந்தா, சாமின்னா எஜமான்னு அர்த்தம், நான் உன் எஜமான் இல்லையேன்னு திருப்பிக் குடுப்பாராம், அதைக் கேட்டு சில தொரைங்க நெளிவாங்களாம், சிலர் அடிக்கவே வந்துடுவாங்களாம்.